ஒரே தட்டில் எல்லாம்: பிரேசிலின் ட்ரோப்பிகாலியா இசைத்தட்டைக் கேட்கத் தொடங்குவோருக்கு

பழைய ஸ்டுடியோக்களில் குடும்பப் படம் எடுக்கும்போது பெரியவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, இளையவர்களைப் பின்வரிசையில் நிறுத்தி, வர இயலாமற்போனவரின் படத்தைச் சட்டத்தோடு யாராவது ஒருவர் மடியில் வைத்துவிடுவது வழக்கம். 1968-இல் பிரேசிலில் வெளிவந்த ஓர் இசைத்தட்டின் உறையில் அப்படியொரு குடும்பப் படம்தான் இருக்கிறது. தரையில் சம்மணமிட்டு அமர்ந்திருக்கும் பாடகர் ஜில்பெர்டோ ஜில், கண்ணைப் பறிக்கும் வண்ணங்களில் நீண்ட அங்கி அணிந்துகொண்டு, பாடலாசிரியர் கப்பினாமின் பட்டமளிப்பு விழாப் படத்தைப் பிடித்திருக்கிறார். பாடகர் கயேட்டானோ வெலோசோவின் கையில் இருப்பது பாடகி நாரா லெயாவின் படம். பாடகி கால் கோஸ்டாவும் கவிஞர் டொர்குவாட்டோ நேட்டோவும் சிற்றூர்த் தம்பதியைப் போல அடக்கமாக அமர்ந்திருக்கிறார்கள். வேலை தேடிப் பட்டணத்துக்கு வந்தவரின் தோல்பையோடு பாடகர் டோம் ஸே நிற்கிறார். பின்வரிசையில் மின்கிட்டார்களோடு நிற்கும் மூன்று இளைஞர்கள் ஓஸ் முட்டாண்டெஸ் என்னும் ராக் குழுவினர். எல்லாம் முறையாக இருப்பதாகத் தோன்றும் அந்தப் படத்தில், கோட்டு அணிந்து ஓரத்தில் அமர்ந்திருக்கும் ஒரு கனவான் தேநீர்க் கோப்பையைப் பிடிப்பதைப் போல நளினமாக ஒரு பாத்திரத்தைப் பிடித்திருக்கிறார். அது இரவில் படுக்கையறையில் வைக்கும் சிறுநீர்ச் சட்டி. அந்தக் கனவான்தான் தட்டின் இசைக்கோர்ப்பாளர் ரோஜேரியோ டுப்ராட்.

இசைத்தட்டின் பெயர் ‘ட்ரோப்பிகாலியா அல்லது பானிஸ் எட் சிர்சென்சிஸ்’. 1968 மே மாதம் சாவோ பாவ்லோ நகரில் பதிவாகி, அதே ஆண்டின் நடுப்பகுதியில் பிலிப்ஸ் நிறுவனத்தின் வெளியீடாக வந்தது. தயாரிப்பாளர் மனுவெல் பாரென்பெய்ன். ‘ரொட்டியும் வேடிக்கையும்’ என்று பொருள்படும் பிற்பகுதி, ரோமானியக் கவிஞர் ஜுவெனலின் புகழ்பெற்ற தொடர். தின்னக் கொஞ்சம் ரொட்டியும் பார்க்கக் கொஞ்சம் வேடிக்கையும் கிடைத்துவிட்டால் மக்கள் வேறெதையும் கேட்கமாட்டார்கள் என்ற ஏளனம் அதில் உண்டு. இலத்தீன் எழுத்துக்கூட்டல் உறையில் பிழையாக இருக்கிறது. உள்ளே அதே பெயரில் வரும் பாடலின் தலைப்போ சரியாக ‘சிர்சென்செஸ்’ என்று இருக்கிறது.

இந்தத் தட்டை முதன்முதலாகக் கேட்பவர்கள் பெரும்பாலும் ஏமாற்றம் அடைகிறார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ‘சைக்கடெலிக் காலத்துப் பிரேசில் இசை’ என்ற அறிமுகத்தோடு வருபவர்கள், கரகரக்கும் கிட்டாரையும், எதிரொலியில் மிதக்கும் குரல்களையும், பத்து நிமிடம் நீளும் வாத்தியப் பகுதிகளையும் எதிர்பார்த்து உட்காருகிறார்கள். கிடைப்பதோ பன்னிரண்டு குட்டிப் பாடல்கள். அவற்றில் ஒன்று பழங்காலக் கண்ணீர்ப் பாட்டு, ஒன்று பொலேரோ என்னும் மென்மையான காதல் பாட்டு, ஒன்று பேண்டு வாத்திய முழக்கம், ஒன்று கோயில் கீதம். மின்கிட்டார் சில பாடல்களில் தலைகாட்டிவிட்டுப் போய்விடுகிறது. எங்கும் நிறைந்திருப்பவை வயலின்களும் எக்காளங்களும்தான். நானும் முதல்முறை கேட்டபோது, தவறான தட்டைப் போட்டுவிட்டேனோ என்று உறையைத் திருப்பிப் பார்த்தேன். இந்தத் தட்டின் விசித்திரம் ஒலியின் கரகரப்பில் இல்லை. எவற்றை எவற்றின் பக்கத்தில் உட்காரவைத்திருக்கிறார்கள் என்பதில்தான் அது இருக்கிறது. அது பிடிபட வேண்டுமானால், 1967-ஆம் ஆண்டுவாக்கில் பிரேசிலின் இசை உலகில் நடந்துகொண்டிருந்த சண்டையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

1964-இல் பிரேசிலில் ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. முதல் சில ஆண்டுகள் அரசியல்வாதிகளையும் தொழிற்சங்கத்தினரையும் ஒடுக்கிய அளவுக்குப் பாடகர்களின் மீது அந்த ஆட்சி கைவைக்கவில்லை. ஆகவே எதிர்ப்புணர்வு பாடல்களில் குடியேறிக்கொண்டது. 1958-இல் ஜோவாவ் ஜில்பெர்டோவின் மென்குரலோடும் கிட்டாரோடும் பிறந்த போசா நோவா, அதற்குள் இரண்டு கிளைகளாகிவிட்டது. காதலையும் கடற்கரையையும் பாடிக்கொண்டிருந்த கிளை ஒன்று. வறண்ட வடகிழக்கின் உழவர்களையும் நகர்ப்புறச் சேரிகளையும் பாடி, கேட்பவரை அரசியலுக்கு அழைத்த கிளை மற்றொன்று. இந்த இரண்டாம் கிளைக்காரர்களுக்கு ஒரு நெறி இருந்தது. இசை பிரேசில் மண்ணுடையதாக இருக்க வேண்டும், மின்சாரம் கலக்காத கிட்டார் போதும், அமெரிக்காவிலிருந்து வருவது எதுவானாலும் ஏகாதிபத்தியத்தின் சரக்கு.

எதிர்ப்புறத்தில் ரொபெர்டோ கார்லோஸ் தலைமையிலான இளைஞர் பட்டாளம் இருந்தது. பீட்டில்ஸின் ‘யே யே யே’ கூவலைப் பிரேசில்காரர்கள் ‘யே-யே-யே’ என்று ஓர் இசைவகையின் பெயராகவே ஆக்கிவிட்டிருந்தார்கள். கார், காதல், வார இறுதிக் கொண்டாட்டம் ஆகியவற்றைப் பாடிய அந்த இசைக்கு அரசியல் கிடையாது, மின்கிட்டார் உண்டு, தொலைக்காட்சியில் லட்சக்கணக்கான ரசிகர்கள் உண்டு. படித்த இளைஞர்கள் அதைக் கேட்டால் வெளியில் சொல்லமாட்டார்கள். இந்த இரண்டு முகாம்களுக்கும் வெளியே, இருவருமே வெட்கப்பட்ட மூன்றாவது ஒன்று இருந்தது. நெஞ்சைப் பிழியும் பழைய வானொலிப் பாடல்கள், பொலேரோக்கள், வீட்டுப் பணிப்பெண்களும் லாரி ஓட்டுநர்களும் விரும்பிக் கேட்டவை. அவற்றுக்குப் பெயர் ‘கஃபோனா’, அதாவது மலிவான ரசனை.

சண்டை எவ்வளவு தீவிரமாக இருந்தது என்பதற்கு ஒரு நிகழ்ச்சி போதும். 1967 ஜூலை மாதம் சாவோ பாவ்லோ தெருக்களில் மின்கிட்டாரை எதிர்த்து ஓர் ஊர்வலம் நடந்தது. பாடகி எலிஸ் ரெஜினா முன்னணியில் நடந்தார். ஜில்பெர்டோ ஜிலும் அதில் நடந்தார் என்பதுதான் வேடிக்கை. கயேட்டானோவும் நாரா லெயாவும் ஒரு ஓட்டல் ஜன்னலிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றே மாதங்கள் கழித்து, அக்டோபரில், ரெக்கார்ட் தொலைக்காட்சி நடத்திய பாட்டுப் போட்டியில் அதே ஜில், மின்கிட்டாரோடு வந்த ஓஸ் முட்டாண்டெஸ் குழுவைத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு பாடினார். கப்போயெய்ரா ஆட்டத்தில் ஒலிக்கும் ஒற்றைக் கம்பி வாத்தியமான பெரிம்பாவும், டுப்ராட் அமைத்த முழு ஆர்க்கெஸ்ட்ராவும், மின்கிட்டாரும் ஒன்றாக ஒலித்த அந்தப் பாடலுக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. கயேட்டானோ அர்ஜெண்டினாவைச் சேர்ந்த ஒரு ராக் குழுவோடு மேடையேறி, கோக்ககோலாவும் நடிகை பிரிஜித் பார்தோவும் வந்துபோகும் ஒரு பாடலைப் பாடி நான்காம் இடம் பெற்றார்.

ஜில்லின் மனமாற்றத்துக்குப் பின்னால் ஒரு பயணம் இருக்கிறது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் வடகிழக்கு மாநிலமான பெர்னம்புகோவுக்குப் போயிருந்தபோது, கருவாரு ஊரின் புல்லாங்குழல் மேளக் குழுவைக் கேட்டிருந்தார். அந்தக் குழுவின் முரட்டு ஒலியும் பீட்டில்ஸின் புதிய பாடல்களும் தமக்குள் ஒன்றையொன்று அழைப்பதாக அவருக்குத் தோன்றியது. இரண்டையும் சேர்த்துவைக்க என்ன வழி என்று நண்பர்களைக் கூட்டி வைத்துப் பேசினார். பலருக்கு அது புரியவில்லை, கயேட்டானோவுக்குப் புரிந்தது. இருவரும் 1942-இல் பாஹியா மாநிலத்தில் பிறந்தவர்கள், கல்லூரிக் காலத்திலிருந்து நண்பர்கள்.

இனி அந்தச் சொல்லுக்கு வருவோம். ‘ட்ரோப்பிகாலியா’ என்பது முதலில் ஓர் இசைத்தட்டின் பெயரோ பாடலின் பெயரோ அல்ல. ஹேலியோ ஒய்ட்டிசிக்கா என்ற கலைஞர் 1967-இல் ரியோ டி ஜெனீரோ நவீன கலை அருங்காட்சியகத்தில் அமைத்த ஒரு படைப்பின் பெயர் அது. மணல் பரப்பி, செடிகள் வைத்து, உயிருள்ள கிளிகளை விட்டு, இடையில் குடிசைகளைப் போன்ற அறைகளைக் கட்டியிருந்தார். அவற்றில் ஒன்றின் இருட்டு வழியே உள்ளே போனால், கடைசியில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி ஓடிக்கொண்டிருக்கும். வெயிலும் கிளியுமாக உலகம் பார்க்க விரும்பும் பிரேசிலுக்குள் நுழைந்தவர் தொலைக்காட்சியில் போய் முட்டிக்கொள்கிறார். கயேட்டானோ எழுதிய பெயரில்லாத ஒரு பாடலைக் கேட்ட திரைப்படத் தயாரிப்பாளர் லூயிஸ் கார்லோஸ் பாரெட்டோ, அந்தக் கலைப்படைப்பின் நினைவு வந்து இந்தப் பெயரைச் சொன்னார். அப்பாடல் கயேட்டானோவின் தனித்தட்டில் வந்தது. கூட்டுத்தட்டு அந்தப் பெயரைத் தலைப்பில் சுமந்துகொண்டிருந்தாலும் அந்தப் பாடல் அதில் இல்லை. பலர் தேடிக் களைத்துப்போகிறார்கள் என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன்.

பெயர் ஓவியரிடமிருந்து வந்தது என்றால், கருத்து இன்னும் நாற்பது ஆண்டுகள் பழைய இடத்திலிருந்து வந்தது. 1928-இல் ஒஸ்வால்ட் டி ஆந்த்ராடெ என்ற சாவோ பாவ்லோ எழுத்தாளர் ‘நரமாமிச அறிக்கை’ என்று தமிழில் சொல்லத்தக்க ஒரு சிறு பிரகடனத்தை வெளியிட்டார். பதினாறாம் நூற்றாண்டில் கப்பல் உடைந்து கரையேறிய போர்த்துக்கீசிய பிஷப் ஒருவரை அப்பகுதியின் கயேட்டே மக்கள் கொன்று தின்றதாக வரலாறு உண்டு. அந்த பிஷப்பின் குடும்பப் பெயர் சர்டின்யா. போர்த்துக்கீசிய மொழியில் அதற்குச் சாளை மீன் என்று பொருள். ஆந்த்ராடெ தம் அறிக்கையின் அடியில் தேதி குறிப்பிடும்போது, ‘பிஷப் சர்டின்யாவை விழுங்கிய 374-ஆம் ஆண்டு’ என்று எழுதினார். இந்தக் குறும்புக்குள் ஒரு வாதம் இருக்கிறது. ஐரோப்பாவிலிருந்து வருவதைக் கும்பிட்டு நகலெடுப்பதும் அடிமைத்தனம், அதைத் தொடமாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொள்வதும் பயம். பழங்குடியினர் பகைவனின் வலிமை தமக்கு வந்துசேரும் என்று அவனைத் தின்றதைப் போல, வந்ததை விழுங்கிச் செரித்து நம் உடம்பாக்கிக்கொள்வதுதான் வழி. 1967-இல் ஆந்த்ராடெயின் பழைய நாடகம் ஒன்றைச் சாவோ பாவ்லோவின் ஒஃபிசினா நாடகக் குழு மேடையேற்றியபோது, கயேட்டானோ அதில் தம் கேள்விக்கு விடை கண்டார். மின்கிட்டாரை எதிர்க்கவும் வேண்டாம், பீட்டில்ஸைப் போலப் பாடவும் வேண்டாம். தின்றுவிடலாம்.

ஆனால் ‘கலவை இசை’ என்று நாம் இன்று சர்வசாதாரணமாகச் சொல்கிறோமே, அதுவல்ல இது. கலவை இசையில் இரண்டு வகைகளைக் கலக்கும்போது விளிம்புகள் தெரியாமல் மழுப்பிவிடுவது திறமை. ட்ரோப்பிகாலியாவில் விளிம்புகள் வேண்டுமென்றே தெரியும். பழையதும் புதியதும், உயர்ந்ததும் மலிந்ததும், உள்ளூரும் வெளியூரும் ஒரே தட்டில் பக்கம் பக்கமாக வைக்கப்பட்டு, ஒன்றின் சாறு மற்றொன்றில் ஓடிச் சேர விடப்படுகிறது. அதைவிட முக்கியமானது, எது கிண்டல், எது உண்மையான அன்பு என்று பாடுபவர் கடைசிவரை சொல்லமாட்டார்.

இதற்குத் தக்க உதாரணம் தட்டின் இரண்டாவது பாடலான ‘கொராசாவ் மாட்டெர்னோ’, அதாவது தாயின் இதயம். என்னைக் கேட்டால் இந்தத் தட்டின் திறவுகோல் இதுதான் என்பேன், அதில் கிட்டாரின் கரகரப்பு துளிகூடக் கிடையாது. காதலி கேட்டாள் என்பதற்காகத் தாயைக் கொன்று அவள் இதயத்தை அறுத்தெடுத்துக்கொண்டு ஓடுகிறான் ஓர் உழவன். வழியில் தடுக்கி விழுகிறான். கையிலிருந்து தெறித்து விழுந்த இதயம், ‘அடிபட்டுவிட்டதா மகனே?’ என்று கேட்கிறது. தமிழ்நாட்டில் பட்டிமன்ற மேடையிலோ பள்ளி ஆண்டுவிழாவிலோ இந்தக் கதையைக் கேட்காதவர் குறைவு. கேட்டவர்கள் அழுததும் உண்டு, அலுத்துக்கொண்டதும் உண்டு. பிரேசிலில் இதைப் பாட்டாக்கிப் புகழ்பெற்றவர் விசென்டெ செலெஸ்டினோ என்ற ஓங்கிய குரல் பாடகர். நாடகப்பாங்கில் நரம்பு புடைக்கப் பாடிய அவருடைய பாணி, போசா நோவா வந்த பிறகு படித்தவர்கள் முகம் சுளிக்கும் ஒன்றாகிவிட்டிருந்தது.

கயேட்டானோ அதை எடுத்துப் பாடுகிறார். எப்படிப் பாடுகிறார் என்பதைக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டும். போசா நோவாவில் கற்ற அதே அடங்கிய, சலனமற்ற குரலில், நியூஸ் வாசிப்பவரைப் போல, ஒரு கொலையை அடியடியாகச் சொல்லிக்கொண்டு போகிறார். குரல் அழ மறுத்த அழுகையையெல்லாம் டுப்ராட்டின் செல்லோக்களும் வயலின்களும் எடுத்துக்கொள்கின்றன. ஏதோ பெரிய ஓப்பெராவின் இறுதிக் காட்சியைப் போல அவை விம்முகின்றன. சிரிக்கலாம் என்று காத்திருப்பவருக்குச் சிரிப்பு வரும் இடம் வருவதில்லை. அழலாம் என்றால் அந்தக் குரல் விடுவதில்லை. நகரத்துப் படிப்பாளி தன் வீட்டுப் பெரியம்மாவின் ரசனையை எண்ணி வெட்கப்பட்டு மூடிவைத்திருந்த பெட்டியை, அவன் கண்முன்னால் நிதானமாகத் திறந்து வைப்பதைப் போன்ற காரியம் அது. ராணுவத்தைத் திட்டும் பாட்டுக்குக் கைதட்டத் தயாராக வந்திருந்த மாணவருக்கு இது ஏன் எரிச்சல் மூட்டியிருக்கும் என்பதை எளிதில் ஊகிக்கலாம்.

இதற்கு அடுத்ததாக வருவது ஓஸ் முட்டாண்டெஸ் பாடும் தலைப்புப் பாடல். அர்னால்டோ பாப்டிஸ்டா, அவர் தம்பி செர்ஜியோ, ரீட்டா லீ ஆகிய மூவருமே அப்போது இருபது வயதையொட்டியவர்கள். பாடலில் ஒருவன் சூரிய ஒளி வீசும் பாட்டைப் பாட விரும்புகிறான், புலி சிங்கங்களை அவிழ்த்துவிடுகிறான், கனவின் இலைகளை நடுகிறான். ஆனால் சாப்பாட்டு அறையில் இருப்பவர்களோ பிறப்பதிலும் சாவதிலும் மும்முரமாக இருக்கிறார்கள். இந்த வரி திரும்பத் திரும்ப வரும்போது, பாட்டு நடுவில் சுருதி இறங்கி, இழுபட்டு, நின்றே போகிறது. மின்சாரம் போய்த் தட்டு நின்றுவிட்டதோ என்று கேட்பவர் எழுந்து போய்ப் பார்க்கும் அளவுக்குத் தத்ரூபமான ஏமாற்று வேலை. பிறகு பாட்டு தானாகத் தொடங்கி வேகமெடுத்துப் பித்துப்பிடித்ததைப் போல ஓடி, திடீரென அறுந்து, ஒரு சாப்பாட்டு மேசையில் போய் முடிகிறது. கரண்டியும் கண்ணாடியும் உரசும் ஒலி, ‘அந்த ரொட்டியை இப்படிக் கொடு’ என்பதைப் போன்ற சின்னச் சின்னப் பேச்சுகள், பின்னணியில் யோஹான் ஸ்ட்ராஸின் நீல டான்யூப் வால்ட்ஸ். வெளியே எது நடந்தாலும் சாப்பாடு நடந்துகொண்டிருக்கிறது. உறையில் இருக்கும் குடும்பப் படமும் டுப்ராட்டின் கையிலிருக்கும் சட்டியும் இந்த இடத்தில் சேர்ந்துகொள்கின்றன.

டுப்ராட்டைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்தத் தட்டின் பாதி அவருடையது. 1932-இல் பிறந்த அவர் செல்லோ வாசிப்பாளராகத் தொடங்கி, ஐரோப்பாவில் ஸ்டாக்ஹவுசன், பூலெஸ் போன்ற அதிநவீன செவ்வியல் இசையமைப்பாளர்களின் வகுப்புகளில் அமர்ந்து வந்தவர். ஊர் திரும்பியதும் புதிய இசைக்கான அறிக்கை ஒன்றில் கையெழுத்திட்டார். கச்சேரி அரங்குகளில் ஐம்பது பேர் மட்டும் கேட்கும் இசைக்குள் அடைபட்டுக்கிடக்க அவருக்கு விருப்பமில்லை. வெகுசன இசைக்கு வந்தபோது, வயலின்களை இனிப்புத் தடவுவதற்குப் பயன்படுத்தும் வழக்கத்தை அவர் மாற்றினார். அவருடைய ஆர்க்கெஸ்ட்ரா பாட்டுக்குத் துணைபோகாமல் பாட்டோடு வாதாடும், குறுக்கே பேசும், சில சமயம் பாட்டு சொல்லத் துணியாததைச் சொல்லும்.

‘ஓநாய் வராதிருக்கும்போது’ என்று பொருள்படும் பாடலில் இது நன்றாகத் தெரிகிறது. காட்டில் உலாப் போகலாம் வா, ஓநாய் இன்னும் வரவில்லை என்ற குழந்தை விளையாட்டு வரியைக் கயேட்டானோ எடுத்துக்கொள்கிறார். ஆனால் அவர் அழைக்கும் உலா காட்டில் நடப்பதில்லை. ரியோவின் பெரிய சாலைகளில், ஒளிந்து ஒளிந்து, குண்டுகளுக்கும் கொடிகளுக்கும் பூட்ஸ்களுக்கும் அடியில் நடக்கும் உலா அது. பின்னணியில் கால் கோஸ்டாவின் குரல், ராணுவ பேண்டின் எக்காளங்களைப் பற்றிய ஒரு பழைய பாட்டின் அடியை மந்திரம் போலத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறது. தணிக்கை அதிகாரி படித்துப் பார்த்தால் குழந்தைப் பாட்டு. தெருவில் மாணவர் ஊர்வலம் அடிவாங்கும் 1968-இல் கேட்பவருக்கு அது வேறு.

அரசியல் இந்தத் தட்டில் எப்போதும் இப்படித்தான் பக்கவாட்டில் வருகிறது. முதல் பாடலான ‘மிசெரேரே நோபிஸ்’ தேவாலய ஆர்கனின் ஒலியோடு தொடங்குகிறது. இறுதியில் ஜில், முதல் வகுப்புப் பையன் எழுத்துக்கூட்டுவதைப் போல மூன்று சொற்களை எழுத்தெழுத்தாகச் சொல்கிறார். பிரேசில், துப்பாக்கி, பீரங்கி என்பவையே அந்தச் சொற்கள். அதைத் தொடர்ந்து பீரங்கி வெடிக்கும் ஒலி கேட்கிறது. நாரா லெயாவ் பாடும் ‘லிண்டோனேயா’ இன்னும் நுட்பமானது. ரூபென்ஸ் கெர்ஷ்மன் வரைந்த படம் ஒன்றில், அடிபட்டு வீங்கிய முகத்தோடு ஒரு புறநகர்ப் பெண் கண்ணாடிச் சட்டத்துக்குள்ளிருந்து பார்ப்பாள். அந்தப் படத்தைப் பார்த்த நாரா, அதைப் பற்றி ஒரு பாட்டு வேண்டும் என்று கேட்க, கயேட்டானோ எழுதினார். காணாமற்போன ஒரு பெண், தெருவில் செத்துக்கிடக்கும் நாய்கள், காவல் நிற்கும் போலீஸ்காரர்கள், வெயிலில் இரத்தம் கசியும் பழங்கள் என்று அடுக்கிக்கொண்டு போகும் பாட்டு, நடன அரங்குகளில் ஆடத்தக்க இனிமையான பொலேரோ மெட்டில் அமைந்திருக்கிறது. போசா நோவாவின் செல்லப் பிள்ளையாக அறியப்பட்ட நாராவின் சன்னக் குரல் அதை ஒரு பெருமூச்சைப் போலச் சொல்லிவிட்டுப் போகிறது.

டோம் ஸே எழுதிய ‘தொழிற்பேட்டை’ என்ற பாடலில் நையாண்டி வெளிப்படையானது. ஊர்ப் பேண்டு வாத்தியம் முழங்க, நாடு முன்னேறுகிறது என்று எல்லோரும் கோரஸாகக் கொண்டாடி, ‘மேட் இன் பிரேசில்’ என்று ஆங்கிலத்திலேயே கூவுகிறார்கள். எனக்கு இது தட்டின் மற்றப் பாடல்களைவிட ஒரு படி குறைவாகவே படுகிறது, ஏனென்றால் சிரிக்க வேண்டிய இடம் எது என்பதை இது முன்கூட்டியே காட்டிக்கொடுத்துவிடுகிறது. ‘ஜெலேயா ஜெரால்’ அப்படியல்ல. டொர்குவாட்டோ நேட்டோவின் வரிகளுக்கு ஜில் மெட்டமைத்த அந்தப் பாடலின் பல்லவியில், செத்துப் பிழைக்கும் காளையின் கதையை ஆடிப்பாடும் ‘பும்பா-மெவ்-போய்’ என்ற நாட்டார் கூத்தின் பெயருக்கு நடுவில் ராக் இசையின் ‘யே-யே’ செருகப்பட்டு, ‘பும்பா-யே-யே-போய்’ என்று ஆகிவிடுகிறது. கருவாருவின் குழலையும் பீட்டில்ஸின் ஊரான லிவர்பூலின் கிட்டாரையும் சேர்க்க ஜில் தேடிய வழி, ஒரு சொல்லுக்குள்ளேயே கிடைத்துவிட்டது.

சொல்லை உடைத்து ஒட்டும் இந்த விளையாட்டு ‘பேட் மக்கும்பா’ பாடலில் எல்லைக்கே போகிறது. பேட்மேன் என்ற அமெரிக்கப் படக்கதை வீரனும், ஆப்பிரிக்க வழிபாட்டுச் சடங்குகளைப் பிரேசிலில் பொதுவாகக் குறிக்கும் ‘மக்கும்பா’ என்ற சொல்லும், மறுபடியும் அந்த ‘யே-யே’யும் ஒட்டிக்கொண்டு ஒரே நீண்ட சொல்லாகின்றன. பாட்டு முழுவதும் அந்த ஒரு சொல்தான். ஒவ்வொரு முறையும் வால் பக்கத்திலிருந்து ஓர் அசை உதிர்ந்து, உதிர்ந்து, கடைசியில் ‘ப’ என்ற ஒற்றை அசை மட்டும் நிற்கிறது. பிறகு அங்கிருந்து அசை அசையாக மறுபடி முழுச் சொல்லாக வளர்கிறது. தாளில் வரிவரியாக எழுதிப் பார்த்தால் ஆங்கிலக் கே எழுத்தின் உருவம் கிடைக்கும். சாவோ பாவ்லோவின் உருவக் கவிஞர்களான அவுகுஸ்டோ டி காம்போஸ் முதலியோரோடு கயேட்டானோவும் ஜிலும் பழகியதன் விளைவு இது. நம்முடைய சித்திரக்கவிகளை அறிந்தவர்களுக்கு இந்த உத்தி அந்நியமாகத் தோன்றாது. மேளம் மட்டும் சடங்கின் மேளம்.

இத்தனை குசும்புக்கும் நடுவில், கால் கோஸ்டா பாடும் ‘பேபி’ எளிய அழகு கொண்ட பாடலாக நின்றுவிட்டது. புதிதாகக் கேட்பவர்கள் இதிலிருந்து தொடங்குவதில் தவறில்லை. நீச்சல் குளம், மார்கரின், பெட்ரோல் என்று நீ தெரிந்துகொண்டாக வேண்டியவற்றின் பட்டியல் ஒன்றை ஒரு பெண் காதலனுக்குச் சொல்லிக்கொண்டே போகிறாள். ரொபெர்டோ கார்லோஸின் பாட்டைக் கேட்க வேண்டுமாம், ஆங்கிலம் கற்க வேண்டுமாம். ஒரு தலைமுறையின் ஆசைகள் விளம்பரப் பலகையின் மொழியில் வரிசையாக வருகின்றன. விளம்பரத்தைக் கேலிசெய்கிறார்களா என்றால், ஆம். அந்தக் குரலின் ஏக்கம் பொய்யா என்றால், இல்லை. பாடல் முடியும் தறுவாயில் கயேட்டானோவின் குரல் பின்னாலிருந்து நுழைந்து, பால் ஆங்காவின் ‘டயானா’ என்ற பழைய ஆங்கிலக் காதல் பாட்டின் ஓரிரு அடிகளைச் சேர்த்துப் பாடுகிறது.

எஞ்சியவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஊரைவிட்டுப் பட்டணம் போன பிள்ளை தாய்க்கு எழுதும் ஆறுதல் ஒன்று. கொலம்பஸின் மூன்று கப்பல்களைப் பற்றி ஸ்பானிய மொழியிலும் போர்த்துக்கீசிய மொழியிலும் மாறி மாறிப் பாடும் ஆட்டப் பாட்டு ஒன்று. கடைசியாக வருவது பாஹியாவின் பொன்ஃபிம் ஆலயத்துக் கீதம். அம்மாநில மக்கள் இன்றும் பயபக்தியோடு பாடும் அதைக் கயேட்டானோ, ஜில், கால், ஓஸ் முட்டாண்டெஸ் அனைவரும் சேர்ந்து மனமாரப் பாடுகிறார்கள், கேலி எங்குமில்லை. அதற்குள்ளும் முதல் பாடலில் ஒலித்த பீரங்கிகள் திரும்பி வந்து தட்டை முடித்துவைக்கின்றன. பாடல்களுக்கு இடையில் வழக்கமான மௌன இடைவெளி இல்லாமல் ஒன்றிலிருந்து ஒன்று தொடர்வதால், இதைத் துண்டு துண்டாகக் கேட்பதைவிட ஒரே மூச்சில் கேட்பதே பொருத்தம். மொத்தம் நாற்பது நிமிடம்கூட ஆகாது.

வலதுசாரிகளுக்கு இவர்கள் ஒழுக்கம் கெட்ட நீள்முடிக்காரர்கள், இடதுசாரி மாணவர்களுக்கு அமெரிக்காவுக்கு விலைபோனவர்கள். 1968 செப்டம்பரில் சாவோ பாவ்லோவின் கத்தோலிக்கப் பல்கலைக்கழக அரங்கில் கயேட்டானோ பாட வந்தபோது, மாணவர்கள் கூச்சலிட்டுக் கையில் கிடைத்ததை எறிந்து, மேடைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்கள். ஓஸ் முட்டாண்டெஸும் பதிலுக்குத் திரும்பி நின்று வாசித்தார்கள். பாட்டை நிறுத்திவிட்டுக் கயேட்டானோ கத்திய பேச்சு பதிவாகியிருக்கிறது. அழகியலில் நீங்கள் இருப்பதைப் போலவே அரசியலிலும் இருந்தால் நாம் தொலைந்தோம் என்றார்.

மாணவர்களுக்குப் புரியாதது ராணுவத்துக்குப் புரிந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். 1968 டிசம்பர் 13 அன்று ஐந்தாம் நிறுவனச் சட்டம் வந்தது. நாடாளுமன்றம் மூடப்பட்டது, அரசியல் கைதிகளுக்கு ஆட்கொணர்வு உரிமை பறிக்கப்பட்டது, தணிக்கை இறுகியது. டிசம்பர் 27 அன்று கயேட்டானோவும் ஜிலும் சாவோ பாவ்லோவில் கைதுசெய்யப்பட்டு, ரியோவின் படைமுகாம்களில் ஏறக்குறைய இரண்டு மாதம் அடைத்துவைக்கப்பட்டார்கள். தலைமுடி வெட்டப்பட்டது. பிறகு பாஹியாவின் சால்வடோர் நகரை விட்டு வெளியேறக் கூடாது என்ற கட்டுப்பாட்டில் சில மாதங்கள் இருந்து, 1969 ஜூலையில் லண்டனுக்கு அனுப்பப்பட்டார்கள். 1972-இல்தான் நிலையாக ஊர் திரும்ப முடிந்தது. டொர்குவாட்டோ நேட்டோ அதே 1972-இல், இருபத்தெட்டு வயதில் உயிரை மாய்த்துக்கொண்டார். டோம் ஸே மெல்ல மறக்கப்பட்டு, 1980-களின் பிற்பாதியில் அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் பர்ன் அவருடைய பழைய தட்டு ஒன்றை ரியோவின் கடையில் கண்டெடுத்த பிறகே உலகின் காதுக்குப் போனார். ஜில் 2003-இல் அதிபர் லூலாவின் அரசில் கலாசார அமைச்சரானார். ஐந்து ஆண்டுகளுக்கு மேல் அப்பதவியில் இருந்தார்.

இந்தத் தட்டுக்குப் பிறகு எதைக் கேட்பது என்று கேட்டால், அதே 1968-இல் வெளிவந்த ஓஸ் முட்டாண்டெஸின் முதல் தட்டைச் சொல்வேன். சைக்கடெலிக் ஒலியை எதிர்பார்த்து வந்தவர்களுக்கு அது வேண்டிய மட்டும் அதில்தான் கிடைக்கும். இந்தக் குழுவின் கிட்டார்களையும் ஒலிக்கருவிகளையும் வெளிநாட்டிலிருந்து வரவழைக்கவில்லை. பாப்டிஸ்டா சகோதரர்களில் மூத்தவரான கிளாவுடியோ சேசார் வீட்டுப் பட்டறையில் செய்துகொடுத்தார். அந்தத் தட்டில் பிரெஞ்சு மொழியில் ஒரு மெல்லிய காலைப் பாட்டு வரும், ரீட்டா லீ பாடுவார். டிரம் வாசிப்பவரின் சிறு சிம்பல் ஒலிக்க வேண்டிய இடத்தில் ‘ஷ்ஷ், ஷ்ஷ்’ என்று தாளம் தவறாமல் ஒன்று கேட்கும். நம் வீடுகளில் ஒரு காலத்தில் கொசுவுக்கும் மூட்டைப்பூச்சிக்கும் ஃபிளிட் அடிப்பார்களே, தகர டப்பா வைத்த அந்தக் கைப்பம்புதான் அது.